மஞ்சளும் பீட்ரூட்டும் கொண்டு தீட்டிய ஓவியம் வெளுத்துவிட்டது: தவறு எங்கே?

கேள்வி (வண்ணக்கிண்ணம்)

அனைவருக்கும் வணக்கம். சமையலறையில் இருப்பவற்றை மட்டுமே கொண்டு ஓர் ஓவியம் தீட்ட வேண்டும் என்ற ஆவலில், மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தும், பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தும், உடனடிக் காப்பித்தூளைக் கெட்டியாகக் கரைத்தும் ஒரு பூந்தொட்டியை வரைந்தேன். வரைந்த அன்று அது நான் எதிர்பார்த்ததைவிட அழகாகவே இருந்தது. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி இரண்டு மாதம் ஆவதற்குள் பீட்ரூட்டால் தீட்டிய பூக்கள் அழுக்குப் பழுப்பாகிவிட்டன. மஞ்சள் பூசிய பின்னணி இருந்த இடமே தெரியவில்லை. காப்பியால் வரைந்த தொட்டி மட்டும் அப்படியே நிற்கிறது, ஆனால் தடிப்பாகப் பூசிய இடங்களைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மேலே வார்னிஷ் பூசியிருந்தால் நிறம் தங்கியிருக்குமா? அல்லது நான் பயன்படுத்திய காகிதத்தில்தான் குறையா?

பதில் (கரித்துண்டு)

காகிதத்தின் மேல் பழி போட வேண்டாம். வார்னிஷும் உங்களைக் காப்பாற்றியிருக்காது. அது தூசியையும் ஈரத்தையும் தடுக்குமே தவிர, சாதாரண வார்னிஷ் ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே விட்டுவிடும், உங்கள் ஓவியத்தை அழித்ததோ அந்த ஒளிதான். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் ஒளி பட்டால் சிதைந்துவிடும். பீட்ரூட்டின் பெட்டானின் அதைவிடவும் மெலிந்தது. ஒளி, வெப்பம், காற்று ஆகிய மூன்றுமே அதற்குப் பகை என்பதால், பிழிந்த சாற்றைச் சில நாள் வெளியில் வைத்திருந்தாலே அதன் சிவப்பு மங்கத் தொடங்குவதை நீங்களே பார்க்கலாம். காப்பியின் கதை வேறு. கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் பெரிய மூலக்கூறுகளிலிருந்து அந்தப் பழுப்பு வருவதால் அது மற்ற இரண்டையும்விட நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. ஒட்டுவதற்குக் காரணம் காப்பியின் அடர்த்தியே: உடனடிக் காப்பித்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நீர்த்த கரைசலை ஒரு முறை பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சை இடுங்கள். நான்கைந்து பூச்சுகளில் கருமையும் ஏறும், ஒட்டவும் செய்யாது.

இனி எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனைத் துண்டு செய்துகொள்ளுங்கள். நிறத்தைக் காகிதத் துண்டில் பூசி, அதன் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் வைத்த பின் அட்டையை விலக்கிப் பார்த்தால், எந்த நிறத்தை நம்பலாம் என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் வீணாக்கிய ஓவியங்களின் எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில் (சாயப்பானை)

சாற்றில் படிகாரம் கலந்தால் நிறம் நிலைத்துவிடும் என்று நினைக்கிறேன். நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்?

பதில் (கரித்துண்டு)

பாதி சரி. நூல் இழையில் சாயம் பற்றிக்கொள்வதற்குப் படிகாரம் உதவுகிறது. சாயச் சாற்றில் படிகாரத்தைக் கரைத்துச் சமையல் சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றினால், கலவை நுரைத்தெழுந்து அடங்கிய பின் நிறம் தூளாக அடியில் படியும். அதை வடிகட்டி உலர்த்தி அரைத்தால் நீரில் கரையாத நிறமி கிடைக்கும். வெங்காயத் தோலில் இதை முயன்று பாருங்கள், மனநிறைவான மஞ்சள் கிடைக்கும். ஆனால் நீரில் கரையாமை வேறு, ஒளியில் மங்காமை வேறு. மஞ்சள்தூளை இவ்வாறு நிறமியாக்கினாலும் அது வெளுக்கவே செய்யும்.

பதில் (முட்டையோடு)

எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சமையலறை ஓவியருக்குத் தந்த பெரிய கொடை நிறம் அன்று, நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை என்பதே என் கருத்து. எண்ணெய் வண்ணம் பரவுவதற்கு முன், ஏறத்தாழ 1500ஆம் ஆண்டு வரை, ஐரோப்பாவில் மரப்பலகை ஓவியங்களுக்கு முட்டையின் மஞ்சள் கருவே முதன்மையான பசையாக இருந்தது. அந்த ஓவியங்கள் இன்றும் பளிச்சென்று இருப்பதற்கு, கருவோடு சேர்த்த நிறங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தவை என்பதும் ஒரு காரணம்.

செய்முறை எளிது. வெள்ளைக் கருவை நீக்கிய பின், மஞ்சள் கருவை உடையாமல் மெல்லிய தாளின் மேல் உருட்டி ஈரத்தை எடுங்கள். பிறகு அதன் சவ்வை விரல்களால் பிடித்துத் தூக்கி, அடியில் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் கிண்ணத்தில் வடியவிட்டுச் சவ்வை எறிந்துவிடுங்கள். ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, நைசாக அரைத்த நிறமியை அதில் குழைத்தால் வண்ணம் தயார். நிறமிக்கும் வெளியே போக வேண்டியதில்லை: அடுப்புக்கரியை அரைத்தால் கிடைக்கும் கறுப்பு கார்பன் என்பதால் ஒளியில் மங்காது, வேகவைத்து உள்தோல் நீக்கிய முட்டையோட்டை மாவாக அரைத்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளை கிடைக்கும். இந்த வண்ணம் நொடிகளில் காய்ந்துவிடுவதால் நிறத்தோடு நிறத்தை இழைத்துக் குழைக்க முடியாது. மெல்லிய கோடுகளை அடுக்கடுக்காக இட்டுத்தான் நிழலைக் காட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற வேலை அன்று. மிஞ்சிய கலவையை மறுநாளைக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுங்கள், நாறும்.

பதில் (வெயில்பொழுது)

எனக்கோ வெளுப்பதே பிடித்திருக்கிறது. தாவரச் சாறு ஒளியில் மங்குவதைப் பயன்படுத்திப் படம் எடுக்க முடியும் என்பதை ஆராய்ந்து ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் வெளியிட்டார். ஆந்தோடைப் என்பது அதன் பெயர். மஞ்சள்தூளை மருந்துக்கடை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, மங்கலான வெளிச்சத்தில் காகிதத்தில் பூசி உலர்த்துங்கள். அதன் மேல் ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, சில மணி நேரம் வெயிலில் விட்டால், திறந்திருந்த இடம் வெளுத்து, இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும். பிறகு சமையல் சோடாக் கரைசலைத் தடவினால் அந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறி இலையின் வடிவம் எடுப்பாகத் தெரியும். இதுவும் நிலைக்காது, ஏட்டுக்குள் மூடி வைக்க வேண்டியதுதான்.

நிலைத்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு வழியும் உண்டு. பிரேசில் நாட்டுக் கலைஞர் விக் முனிஸ், வேர்க்கடலை வெண்ணெயாலும் பழப்பாகாலும் மோனா லிசாவை வரைந்து படம்பிடித்தார். 1999இல் அவர் படைத்த அந்த ஆக்கத்தில் காட்சிக்கு வைப்பது ஒளிப்படத்தைத்தான், பாகை அன்று. உங்கள் பூந்தொட்டியை முதல் நாளே படம் எடுத்திருக்கிறீர்களா?

மறுமொழி (வண்ணக்கிண்ணம்)

எடுத்திருக்கிறேன், கைபேசியில், சற்றுக் கோணலாக. அனைவருக்கும் நன்றி. முட்டையோட்டையும் கரியையும் அரைத்துப் பார்க்கப் போகிறேன். ஓர் ஐயம் மட்டும்: காப்பித்தொட்டி நன்றாகவே இருப்பதால், அதே காகிதத்தில் பூக்களை மட்டும் மஞ்சள் கரு வண்ணத்தால் மீண்டும் வரையலாமா?

பதில் (முட்டையோடு)

வேண்டாம். கலவையில் தண்ணீர் இருப்பதால் தூரிகை பட்ட இடத்தில் காப்பி கரைந்து பூக்களோடு கலந்துவிடும். மேலும், காய்ந்த கரு காலப்போக்கில் விறைத்துப்போகும். வளையும் காகிதத்தில் அது வெடிக்கும். வழவழப்பாகத் தேய்த்த மரப்பலகை ஒன்றைத் தேடிக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள், பழைய தொட்டியைப் பார்த்து வரைவதற்கு எதிரில் வைத்துக்கொள்ளலாம்.