அணில் வேட்டைக்கு .22 ரைஃபிள்: விலையா, அழகா, துல்லியமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வரும் இலையுதிர்காலத்தில் அணில் வேட்டைக்குச் செல்வதற்காக .22 எல்ஆர் (சிறிய தோட்டா வகை) ரைஃபிள் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். விலை குறைந்த சாவேஜ் மார்க் 2, வால்நட் மரக் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) பொருத்திய சிஇசட் 457, பலரும் வைத்திருக்கும் ரூகர் 10/22 ஆகிய மூன்றில் எது தகும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: அணிலின் தலை மிகச் சிறிய இலக்கு, 50 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்காத துப்பாக்கி, எவ்வளவு அழகாக இருந்தாலும், விலங்கைக் காயப்படுத்தித் தவிக்கவிடும் என்பதால் துல்லியத்தையே முதலில் பாருங்கள். சாவேஜின் பிளாஸ்டிக் கட்டை கைக்கு மலிவாகத்தான் தோன்றும். ஆனால் சுடுவதற்கு விரலால் இழுக்கும் அதன் விசையின் கனத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்குங்கள்.

பதில் 2: 1964 முதல் விற்பனையாகும் 10/22-க்கு உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும். எனினும், குழலை மாற்றாமல் அது மற்ற இரண்டையும் போன்ற நல்ல போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகைக்கு) ஈடாகாது என்பதே என் அனுபவம்.

பதில் 3: அழகை அவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டாம். என் 457-இன் கட்டையில் கன்னம் படும் இடம் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கருத்து மினுங்குகிறது. அதை எடுக்கும் ஆசையிலேயே அடிக்கடி பயிற்சிக்குச் செல்கிறேன். எதை வாங்கினாலும் நான்கைந்து வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிள் ஒரு வகைத் தோட்டாவில் அரை அங்குலத்துக்குள்ளும், இன்னொன்றில் ஒன்றரை அங்குலத்துக்குள்ளும் குண்டுகளைச் சேர்த்ததை என் இலக்குத் தாள்களிலேயே கண்டிருக்கிறேன்.