லாங்இயர்பியென்: அந்த 'லாங் இயர்' என்ன கணக்கு?

கேள்வி: லாங்இயர்பியென் ஊர் இருக்கிற ஸ்வால்பார்டுல (வட துருவத்துப் பக்கம் இருக்கிற நார்வே தீவுக்கூட்டம்) நாலு மாசம் சூரியனே வராது, நாலு மாசம் மறையாது. வருஷம் நீளமாத் தோணுறதால வச்ச பேரா?

பதில்: நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆள் பேருங்க அது! ஜான் மன்ரோ லாங்இயர், அமெரிக்கர். 1906-ல நிலக்கரி தோண்ட அவர் கம்பெனி போட்ட குடியிருப்பு, 'லாங்இயர் சிட்டி'. 1916-ல நார்வே கம்பெனி வாங்குச்சு. அப்புறம் 'சிட்டி' போய் 'பியென்' வந்துச்சு. நார்வே மொழியில 'அந்த ஊர்'னு அர்த்தம். 1943-ல ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஊரையே எரிச்சும் பேர் அழியலை.

கேட்டவர்: அட, முதலாளி பேரா! சப்புன்னு போச்சு.

பதில்: ஊர் சப்புன்னு இல்லீங்க. ஹோட்டல் வாசல்லயே ஷூவைக் கழட்டச் சொன்னாங்க. கரித்தூள் உள்ளே வரக்கூடாதுன்னு சுரங்கக் காலத்துல வந்த பழக்கமாம். மியூசியத்தையும் வெறும் சாக்ஸோடதான் சுத்தினேன்.