ஏசி சர்வீஸ்: பழைய வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகாம இருக்க என்ன பண்றீங்க?

வணக்கம் அண்ணன்மாரே. மதுரையில தனியா ஏசி சர்வீஸ் பண்றேன். கடை கிடையாது, பைக், பிரஷர் பம்ப், போன், அவ்வளவுதான்.

மார்ச் வந்தா போன் ஓயாது. மழைக்காலத்துல ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அந்த இடைவெளியில ஏதாவது ஆப்ல 'முதல் சர்வீஸ் பாதி விலை'ன்னு பார்த்துட்டு அங்க போயிடறாங்க. வர்ற ஆள் வருஷாவருஷம் கேஸ் கம்மின்னு ஏத்திவிட்டுப் போறார். லீக் இல்லாம கேஸ் எங்கங்க போகும்? நான் லீக்கைத் தேடி அடைச்சு, வேக்கம் போட்டு (குழாய்க்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்து), அப்புறம்தான் ஆர்32 கேஸ் ஏத்துவேன். நேரமாகும், கூலியும் கூடும். பில்லைப் பார்த்தா நான்தான் கொள்ளையடிக்கிற மாதிரி தெரியுது!

விலையைக் குறைக்க இஷ்டமில்ல. வருஷ ஒப்பந்தம் போடலாம்னு யோசனை: பிப்ரவரியில ஒரு சர்வீஸ், அக்டோபர்ல ஒண்ணு. பணத்தை முன்னாடியே மொத்தமா வாங்கறீங்களா, பிரிச்சு வாங்கறீங்களா? மோட்டார் ஓட உதவுற கெப்பாசிட்டர் போனா ஒப்பந்தத்துல சேர்க்கலாம், ஏசியைக் கட்டுப்படுத்துற பிசிபி போர்டு? அதைச் சேர்த்தா கட்டுப்படியாகாதுன்னு தோணுது. மே மாசம் ஒப்பந்தக்காரர் அவசரம்னு கூப்பிட்டா கையில இருக்கிற வேலையை விட்டுட்டு ஓடுவீங்களா?

வாட்ஸ்அப்ல நினைவூட்டல் அனுப்புறவங்க, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவைன்னு சொல்லுங்க. தொல்லைன்னு பிளாக் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு.