நோட் ஜேஎஸ்ல ஆர்டர் ஐடியோட கடைசி டிஜிட் தானா மாறுது, யாருக்காச்சும் வந்திருக்கா?

தூங்காதவன்:
மூணு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். சர்வர் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்க்ரிப்ட்), அதுமேல எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். பேமெண்ட் கேட்வேல இருந்து வெப்ஹுக் (அவங்க சர்வர் நம்ம சர்வருக்கு தானா அனுப்புற மெசேஜ்) வருது, அதோட பாடி ஜேசன் (டேட்டாவை டெக்ஸ்ட்டா எழுதுற ஃபார்மட்), அதுல ஆர்டர் ஐடி 19 டிஜிட், கோட்ஸ் (மேற்கோள் குறி) இல்லாம வெறும் நம்பரா வருது. உதாரணத்துக்கு 1234567890123456789ன்னு வெச்சுக்கங்க, நான் கன்சோல்ல பிரிண்ட் பண்ணா 1234567890123456800ன்னு நிக்குது. அப்புறம் டேட்டாபேஸ்ல தேடுனா ரோ எங்கேர்ந்து கிடைக்கும், கஸ்டமர் காசு கட்டிட்டு கத்துறார் நம்ம பக்கம் இன்னும் பெண்டிங்னு காட்டுது. இதே வெப்ஹுக்கை பக்கத்து டீம் பிஹெச்பில வாங்குறாங்க, அங்க அப்படியே சரியா வருது. நோட்லயே பக் இருக்கா இல்ல நான்தான் எதையோ சொதப்பிட்டேனா?

மொட்டமாடி:
டேபிள்ல ஐடி காலம் (column) டைப் இன்ட்னு வெச்சிருப்பீங்க, இன்னும் பெரிய நம்பர் தாங்குற பிக்இன்ட்டா மாத்துங்க சரியாயிடும்

தூங்காதவன்:
அது முதல் நாளே பாத்தாச்சு ப்ரோ, பிக்இன்ட்தான். டேட்டாபேஸ் பக்கமே போகலை, பாடியை பிரிண்ட் பண்றப்பவே மாறிடுது.

பழைய_சர்வர்:
நோட் பக் இல்ல தம்பி, ஜாவாஸ்க்ரிப்ட்டோட குணமே அதான். அதுல சாதா நம்பர் எல்லாமே 64 பிட் ஃப்ளோட் (தசம எண்ணுக்கான டைப்), முழு எண்ணுன்னா 9007199254740991 வரைக்கும்தான் நம்பலாம், அதைத் தாண்டினா கிட்ட இருக்கிற ஏதோ ஒரு ஃப்ளோட்ல போய் ஒட்டிக்கும். உங்க ஐடி இருக்கிற ரேஞ்சுல ஒரு ஃப்ளோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 256 இடைவெளி. அதாவது பக்கத்து பக்கத்து ஐடியா ரெண்டு ஆர்டர் வந்தா பார்ஸ் ஆனதும் (ஜேசன் டெக்ஸ்ட்டைப் படிச்சு டேட்டாவா மாத்தினதும்) ரெண்டும் ஒண்ணாயிடலாம். ரோ கிடைக்கலைன்னு பொலம்புறீங்க, எனக்கு பயமே வேற எவரோட ரோவாவது கிடைச்சு அதை பெய்டுன்னு மாத்திருச்சான்னுதான், அதை முதல்ல செக் பண்ணுங்க.

பிஹெச்பில 64 பிட் மெஷின்னா இன்டீஜரே 9223372036854775807 வரைக்கும் போகும், அதனால அவங்க தப்பிச்சாங்க. நம்பர் இவ்ளோ பெருசுதான் இருக்கணும்னு ஜேசன்ல ரூல் கிடையாது, 2 பவர் 53க்குள்ள இருந்தா எல்லாரும் ஒரே மாதிரி படிப்பாங்கன்னு மட்டும் ஜேசனோட ஸ்டாண்டர்டான ஆர்எஃப்சி 8259ல இருக்கு. ட்விட்டர் 2010ல பெரிய ஐடிக்கு மாறுனப்ப இதே பிரச்சனைக்குத்தான் ஐடியை ஸ்ட்ரிங்காவும் (நம்பரா இல்லாம வெறும் எழுத்தா) தனி ஃபீல்டுல அனுப்ப ஆரம்பிச்சாங்க.

உங்க கேட்வேகிட்ட ஸ்ட்ரிங்கா அனுப்பச் சொல்லிக் கேளுங்க, மாத்துவாங்கன்னு காத்திருக்காதீங்க. வெப்ஹுக் வர்ற அந்த ஒரு ரூட்டுக்கு (URL) மட்டும் எக்ஸ்பிரஸோட ஜேசன் மிடில்வேரை (பாடியை முன்னாடியே பார்ஸ் பண்ணிக் குடுக்குற கோடு) விட்டுட்டு பாடியை டெக்ஸ்ட்டா வாங்குங்க, அப்புறம் ஜேசன்-பிக்இன்ட் லைப்ரரில ஸ்டோர் ஆஸ் ஸ்ட்ரிங் ஆப்ஷன் ட்ரூ போட்டு பார்ஸ் பண்ணுங்க. அந்த ரூட்டை பொதுவான ஜேசன் மிடில்வேருக்கு மேல எழுதணும், கீழ எழுதினா பாடி ஏற்கனவே பார்ஸ் ஆகித்தான் வரும். பார்ஸ் ஆனதுக்கு அப்புறம் ஸ்ட்ரிங்கா மாத்துறது சுத்த வேஸ்ட், போன டிஜிட் போனதுதான்.

ராக்கோழி:
அண்ணன் சொன்னது கரெக்ட். நோட் 22ல இருக்கீங்கன்னா லைப்ரரியே வேணாம், ஜேசன் பார்ஸுக்கு குடுக்குற ரிவைவர் ஃபங்ஷனுக்கு (பார்ஸ் ஆன ஒவ்வொரு வேல்யூவையும் நாம மாத்த விடுறது) மூணாவது ஆர்குமெண்ட் ஒண்ணு வருது, அதுல சோர்ஸ்னு கேட்டா ஒரிஜினல் டெக்ஸ்ட்டே கிடைக்கும், ஆர்டர் ஐடி கீக்கு மட்டும் அதை ரிட்டர்ன் பண்ணிடுங்க. தயவு செஞ்சு ரெஜெக்ஸ் போட்டு நம்பரைச் சுத்தி கோட்ஸ் ஒட்டாதீங்க, நான் ஒட்டி ஒரு தடவை அட்ரஸ் ஃபீல்டுக்குள்ள இருந்த நம்பருக்கும் கோட்ஸ் விழுந்து மொத்த ஜேசனும் உடைஞ்சிருச்சு, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற.

தூங்காதவன்:
ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. உள்ள வர்றது சரியாயிடுச்சு, ஆனா நான் ஆர்வக்கோளாறுல ஸ்ட்ரிங்கா வெக்காம ஜாவாஸ்க்ரிப்ட்டோட பிக்இன்ட்டா (பெரிய முழு எண்ணுக்கான தனி டைப்) மாத்திட்டேன், இப்ப ரெஸ்பான்ஸ் அனுப்புறப்ப பிக்இன்ட்டை சீரியலைஸ் பண்ண (ஜேசன் டெக்ஸ்ட்டா மாத்த) தெரியாதுன்னு டைப் எரர் அடிக்குது 😭

பழைய_சர்வர்:
டேட்டாவை ஜேசனா மாத்துற ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை பிக்இன்ட்டைத் தொடாது. ஐடியை வெச்சு கூட்டிக் கழிக்கப் போறீங்களா என்ன, ஸ்ட்ரிங்காவே வெச்சுக்கங்க. மைஎஸ்க்யூஎல் டிரைவர்லயும் சப்போர்ட் பிக் நம்பர்ஸ், பிக் நம்பர் ஸ்ட்ரிங்ஸ்னு ரெண்டு ஆப்ஷனையும் ட்ரூ பண்ணுங்க, இல்லன்னா செலக்ட் பண்றப்ப இதே கூத்து திரும்ப நடக்கும்.

தூங்காதவன்:
இப்ப எல்லாம் ஓகே. நல்லவேளை தப்பான ரோ எதுவும் பெய்டு ஆகலை. பழைய பெண்டிங் ஆர்டரை சரி பண்ண கேட்வேல இருந்து சிஎஸ்வி எடுத்து எக்செல்ல திறந்தேன், அங்க எல்லா ஐடியும் கடைசி நாலு டிஜிட் சைபரா இருக்கு, இது என்ன புது பூதம்?

ராக்கோழி:
எக்செல்லுக்கு 15 டிஜிட்தான் கணக்கு 😂 சேவ் பண்ணாம மூடிட்டு, அந்த ஐடி காலத்தை (column) டெக்ஸ்ட்னு செலக்ட் பண்ணி இம்போர்ட் பண்ணுங்க