மறு: 'ஆத்தென்டிக் டெக்ஸ்ட்' – 'நம்பகமான உரை' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> 'ஆத்தென்டிக் டெக்ஸ்ட்' என்பதற்கு 'நம்பகமான உரை' என்றும், 'கிளாஸ்' (gloss) என்பதற்குச் 'சொல் விளக்கம்' என்றும் வைத்துக்கொள்ளலாமா? தமிழ் கற்பவர்களுக்கான வாசிப்புச் செயலிக்கு இவை உடனே தேவை.

உடனே தேவை என்பதால்தான் உடனே மறுக்கிறேன். ஐயா பொறுத்தருள வேண்டும். 'நம்பகமான உரை' என்று செயலியில் கண்டால், மற்றவை எல்லாம் புரளி போலிருக்கிறது என்றுதான் நினைப்பேன். மொழி கற்பித்தலில் இந்தச் சொல்லுக்கும் நம்பிக்கைக்கும் தொடர்பே இல்லை. மாணவருக்காக என்று எழுதாமல், அந்த மொழிக்காரர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்ள எழுதியது எதுவோ அது. நாளிதழ்ச் செய்தி, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் வழித்தடப் பலகை, சிறுகதை எல்லாம் அடக்கம். புரளியும் அடக்கம்தான்.

அடுத்தது 'உரை'. கணினித் தமிழில் டெக்ஸ்டுக்கு உரை என்பது பரவிவிட்டது, சரி. ஆனால் இந்தத் துறையில் அது ஆகவே ஆகாது. மூலமும் உரையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இடம் இது. மூலத்தையே உரை என்று அழைத்துவிட்டால், அதற்கு எழுதும் உரையை என்னவென்பது?

என் முன்மொழிவு: இயற்பனுவல். இயற்பெயர், புனைபெயர் என்கிறோமே, அந்த 'இயல்'தான். இதற்கு எதிரே, சொல் வரம்பு வைத்து மாணவருக்கென்றே எழுதியதைப் படிநிலைப் பனுவல் எனலாம். பனுவல் கடினமான சொல் என்று யாரேனும் சொல்வார்கள். சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் நன்னூல் உருவகம் செய்கிறது. டெக்ஸ்ட் என்பதன் இலத்தீன் வேரும் நெய்தலைக் குறிப்பதே. அங்கே நெசவு, இங்கே நூற்பு. இவ்வளவு பொருத்தமான சொல் வேறு வாய்க்காது.

இனி 'கிளாஸ்'. இதற்குப் புதுச்சொல்லே வேண்டியதில்லை. கிரேக்கத்தில் 'குளோஸ்ஸா' என்றால் நாக்கு. பிறகு மொழி. பிறகு, விளக்கினால்தான் புரியும் அரிய சொல். அந்த விளக்கத்துக்கே பெயரானது கடைசியில்தான். மூன்றாவது பொருளைப் பாருங்கள்: அப்படியே நம் அரும்பதம்! சிலப்பதிகாரத்துக்கு விரிவான உரை எழுதிய அடியார்க்கு நல்லாருக்கும் முன்னால் ஒருவர் அரும்பதங்களுக்கு மட்டும் உரை எழுதினார். பெயர் தெரியவில்லை, அரும்பதவுரையாசிரியர் என்றே வழங்குகிறோம். உ.வே.சா. 1892 பதிப்பில் இரண்டு உரைகளையும் சேர்த்தே அச்சிட்டார்.

எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொன்னால் பதவுரை, தெரியாத சொல்லுக்கு மட்டும் சொன்னால் அரும்பதவுரை. இந்த வேறுபாடு செயலிக்கு மிக முக்கியம். 2000இல் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ளச் சுமார் 98 விழுக்காடு சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 200 சொல் செய்தியில் நான்கு. நாளிதழைக் கையில் எடுக்கும் மாணவருக்கு நாற்பது இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் உரை. ஆனால் சொல்லுக்குச் சொல் தொட்டுக்கொண்டே போகிறவர் செய்தியைப் படிக்கவில்லை, அகராதியை வேறு வரிசையில் படிக்கிறார். ஆகவே எது அரும்பதம் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியைப் பெயரே நினைவூட்ட வேண்டும்.

தமிழில் இன்னொரு தொல்லை. என்னிடம் படிக்கும் ஒருவர் போன வாரம் 'மேட்டூர் அணைக்கு நீர்வரத்து அதிகரித்துள்ளதையடுத்து' என்ற வரியில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். கடைசிச் சொல்லை எந்த அகராதியில் தேடுவது? அதிகரித்து, உள்ளது, ஐ, அடுத்து என்று பிரித்த பிறகுதான் அகராதி வாய் திறக்கும். பிரித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். அவருக்கு அத்தனை துண்டும் தெரிந்தவைதான்! அவருக்குத் தேவைப்பட்டது அரும்பதவுரை அல்ல, பதப்பிரிப்பு. செயலியில் இதைத் தனிப் பொத்தானாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜப்பானியர்கள் கான்ஜி என்னும் சீன வழி எழுத்தின் தலைமேல் பொடி எழுத்தில் ஃபுரிகானா போடுகிறார்களே, அது ஒலிப்பை மட்டும் சொல்வது, பொருளை அல்ல. அதை ஒலிப்புக் குறிப்பு எனலாம். நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நாட்டிய விமர்சனத்தில் 'பாவம்' என்று வந்தால், நடனமணி என்ன குற்றம் செய்தார் என்று மாணவர் திகைப்பார்.

– – –

> பனுவல் சரி. 'இயல்' என்றதும் எனக்கு இயல், இசை, நாடகம் நினைவுக்கு வருகிறது. திவ்வியப் பிரபந்தத்தில் இயற்பா வேறு இருக்கிறது. மேலும் மொழி கற்பித்தல் அறிஞர் விடோசன் 1978லேயே, பனுவலின் இயல்பு வேறு, வாசகர் அதனோடு கொள்ளும் உறவு வேறு, 'ஆத்தென்டிக்' என்பது பின்னதற்கே பொருந்தும் என்று பிரித்துவிட்டாரே? தொட்டால் மேலெழும் விளக்கத்துக்குச் 'சுட்டுரை' என்கிறேன்.

இயற்பெயர் என்றால் யாரும் இசைத்தமிழை நினைப்பதில்லை அம்மா; புழக்கம் பொருளைத் தீர்மானித்துவிடும். விடோசன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கமாட்டேன். இயற்பனுவல் என்பது பனுவலின் தன்மையை மட்டுமே சொல்கிறது. வாசகர் தரப்பில் நிகழ்வதற்கு இன்னொரு சொல் வேண்டும். என்னிடம் இப்போது இல்லை. ஆசிரியர்கள் அன்றாடம் புழங்குவது முதல் பொருளில்தான் என்பதால், செயலிக்கு இது போதும்.

'சுட்டுரை' அழகு. ஆனால் ட்விட்டர் பதிவுக்கு நாளிதழில் அதை எழுதி எழுதிப் பழக்கிவிட்டார்கள். தொடுதிரை என்ற சொல் ஊன்றிவிட்டதல்லவா, அதன் அடியொற்றித் தொடுகுறிப்பு என்று வைப்போம். வினைத்தொகை, நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள். கணினியில் தொடுவதில்லையே என்றால், தொலைபேசியைக்கூட இப்போது யாரும் சுழற்றுவதில்லை, ஆனாலும் 'டயல்' செய்கிறோம் என்றுதானே சொல்கிறோம்.

ஐயா, பொத்தானின் அகலம் சிறியது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன்: இயற்பனுவல் ஏழு எழுத்து, அரும்பதவுரை ஏழு, தொடுகுறிப்பு ஆறு. பதப்பிரிப்பு என்பதும் ஏழுதான், இடிக்காது.