வெள்ளை சூட் எம்.பி. மார்ட்டின் பெல், ஒரே தவணையில் என்ன சாதித்தார்?

மதுரைக்காரன்:
பி.பி.சி.யின் போர்க்களச் செய்தியாளர் மார்ட்டின் பெல் 1997 பிரிட்டன் பொதுத் தேர்தலில் டாட்டன் தொகுதியில் சுயேச்சையாக நின்று, கன்சர்வேட்டிவ் எம்.பி. நீல் ஹாமில்டனை 11,077 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2001-க்குப் பிறகு நாடாளுமன்றத்தில் ஆளையே காணோம். நல்ல மனிதர், சரி. உருப்படியாக ஏதாவது செய்தாரா?

செல்வி:
முதலில் ஜெயித்த கதையைப் பாருங்கள். ஹாரட்ஸ் கடை முதலாளி முகமது அல் ஃபாயதிடம் பணம் வாங்கிக்கொண்டு சபையில் கேள்வி கேட்டார் என்று ஹாமில்டன் மீது 1994-இல் கார்டியன் பத்திரிகை எழுதியது, அவர் மறுத்தார், ஆனாலும் அதே தொகுதியில் மறுபடி நின்றார். எதிர்க்கட்சிகளான லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டு பெல்லுக்கு வழிவிட்டன. எதிர் ஓட்டு சிதறியிருந்தால் அந்தக் கன்சர்வேட்டிவ் கோட்டையில் சுயேச்சைக்கு என்ன வேலை?

பிரசாரம் அவருக்கு அவ்வளவு கைவரவில்லை என்பது வேறு. நட்ஸ்ஃபோர்ட் திடலில் அவர் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருக்கையில் ஹாமில்டனின் மனைவி கிறிஸ்டீன் நேரே வந்து, குற்றம் நிரூபணமாகும்வரை என் கணவர் நிரபராதிதானே என்று கேமராக்கள் முன்னாலேயே மடக்கினார். ஆமாம் என்பதைத் தவிர பெல்லால் என்ன சொல்ல முடியும்? 1992-இல் சரயேவோவில் குண்டுச் சிதறல் பட்டவர், இங்கே திணறிவிட்டார்!

பாலா_எஸ்:
செய்த வேலை என்றால் நான் 1997 நவம்பரைத்தான் சொல்வேன். ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குப் புகையிலை விளம்பரத் தடையிலிருந்து விலக்கு தர புதிய லேபர் அரசு முனைந்தது, அந்தப் பந்தயத்தின் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன் லேபருக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்திருந்த விவகாரமும் வெடித்தது. தனக்கு வழிவிட்ட கட்சி ஆயிற்றே என்று பார்க்காமல், தப்பு நடந்ததுபோலத் தோன்றுவதே மக்களின் நம்பிக்கையைக் கெடுக்காதா என்று பிரதமர் டோனி பிளேரிடமே சபையில் கேட்டார். எம்.பி.க்களின் நடத்தையை விசாரிக்கும் குழுவிலும் இருந்தார். சட்டமெல்லாம் கொண்டுவரவில்லைதான், தனி ஆளால் அது எங்கே முடியும்!

மதுரைக்காரன்:
எக்கிள்ஸ்டன் விஷயம் தெரியாது, நன்றி. அப்புறம் ஏன் டாட்டனில் மறுபடி நிற்கவில்லை?

செல்வி:
டாட்டனில் ஒரே தவணைதான் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதை மீறாமல் 2001-இல் எசெக்ஸில் பிரெண்ட்வுட் அண்ட் ஓங்கர் தொகுதிக்குப் போனார். அங்கே லேபர், லிபரல் டெமாக்ரட் இரண்டும் களத்தில் இருந்தன. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் எரிக் பிக்கிள்ஸிடம் 2,821 வாக்கில் தோல்வி. டாட்டன் கன்சர்வேட்டிவ் கைக்கே திரும்பியது, அங்கிருந்து போன புது எம்.பி. ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010-இல் நிதியமைச்சரானார்.