பக்கத்து வீட்டில் தேனீப் பெட்டி: எங்கள் தண்ணீர்த் தொட்டியை மொய்க்கின்றன

கேள்வி:
பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஒட்டி 2 தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். இரண்டின் வாசலும் எங்கள் பக்கம். விடிந்ததிலிருந்து எங்கள் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வரிசையாகத் தேனீக்கள். காயப்போட்ட துணியில் மஞ்சள் புள்ளிகள். வீட்டில் 4 வயதுக் குழந்தை. அவர் நல்ல மனிதர், மனக்கசப்பு வேண்டாம். பெட்டியை அவர் தோட்டத்தின் மறுமூலைக்கு மாற்றச் சொன்னால் போதுமா?

பதில் 1:
ஒரேயடியாக மாற்றச் சொல்லாதீர்கள். மேயப்போன தேனீ இடத்தை அடையாளம் வைத்துத்தான் திரும்பும். 30 அடி தள்ளி வைத்தால், போனதெல்லாம் பழைய இடத்துக்கே வந்து உங்கள் மதிலோரம் சுற்றும். நகர்த்துவதென்றால் நாளுக்கு 2, 3 அடிதான்.

முதலில் வாசலைத் திருப்பச் சொல்லுங்கள், நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு மதிலுக்கு மேல் நிழல்வலை கட்டி, மொத்த உயரம் 6 அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கே தடுப்பு இருந்தால் தேனீ அங்கேயே மேலேறி, ஆள் தலைக்கு மேலாகப் போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தொட்டிப் பிரச்சினை அதில் தீராது. வெயிலில் கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். தெளிந்த நீரைவிடப் பாசி வாடை அடிக்கும் ஈரம்தான் அதற்குப் பிடிக்கும். பழகிய இடத்தை லேசில் விடாது.

பெட்டிக்குப் பக்கத்திலேயே வெயில் படும் இடத்தில் அகலத் தட்டு வைத்து, கூழாங்கல் நிரப்பித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கல்லின் முதுகு நீருக்கு மேலே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து சாகும். தட்டு ஒரு நாள்கூடக் காயக்கூடாது, காய்ந்தால் மறுபடி உங்கள் தொட்டிதான். அதே நாளில் நீங்களும் தொட்டியை மூடுங்கள், சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பலிக்கும்.

மஞ்சள் புள்ளி தேனீயின் எச்சம். கூட்டுக்குள் அது கழிக்காது. மழை விட்டு வெயில் அடித்ததும் மொத்தமாக வெளியே வரும். அன்று மட்டும் துணியை வேறு பக்கம் போடுங்கள்.

பதில் 3:
குழந்தைக்காக: கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி, விஷப்பை துடித்துத் துடித்து விஷத்தை இறக்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். கொட்டிய இடத்தின் வாசனை மற்ற தேனீக்களையும் உசுப்பும், அதனால் குழந்தையை உள்ளே தூக்கிப்போய் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், அட்ரினலின் ஊசி தேவைப்படலாம். நேரே மருத்துவமனை.

பெட்டி திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அன்று சில மணி நேரம் தேனீக்கள் முரண்டு பிடிக்கும். எல்லா நாளும் விரட்டி விரட்டிக் கொட்டினால் ராணித் தேனீயை மாற்ற வேண்டும், புது ராணியின் வாரிசுகள் வந்தால்தான் குணம் மாறும். பழைய வேலைக்காரத் தேனீக்கள் செத்துத் தீர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், அதுவரை குணம் மாறாது.

கேட்டவர்:
நன்றி. கூட்டம் பிரிந்து எங்கள் மரத்தில் தொங்கினால்?

பதில் 1:
தண்ணீர் பீய்ச்சாதீர்கள், புகை போடாதீர்கள். வயிறு நிறையத் தேனோடு கிளம்பியவை, காப்பதற்குக் கூடு என்று ஒன்றும் இல்லை, அதனால் சீண்டாதவரை பொதுவாகச் சாதுவாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். காலிப் பெட்டியில் பிடித்தபின் இருட்டும்வரை பெட்டி மரத்தடியிலேயே இருக்கட்டும், வெளியே போனவையும் வந்து சேர்ந்துவிடும்.